ரப்பர் யாருடையது என்று அவனுக்குத் தெரியும்

கேள்வி: எங்களுக்குத் திண்டுக்கல் அருகே ஒரு சிற்றூர். மகனுக்கு ஆறரை வயது, இரண்டாம் வகுப்பு. மகளுக்கு நான்கு வயது ஆகப்போகிறது. போன மாதம் மகனுடைய பென்சில் பாக்ஸில் நாங்கள் வாங்கித் தராத ஒரு சென்ட் ரப்பர் இருந்தது. கேட்டதற்கு ‘மிஸ் கொடுத்தாங்க’ என்றான். பிறகு ‘பாப்பாதான் எடுத்து வச்சா’ என்றான். பள்ளிக்கே போகாத பாப்பா எப்படி எடுப்பாள் என்றதும் அழுதுவிட்டான். பக்கத்தில் உட்காரும் பையனுடையது என்று இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. என் கணவர் பிரம்பால் அடித்து, ‘போலீஸில் பிடித்துக் கொடுப்பேன்’ என்றார். மாமனார், ‘அடியாத மாடு படியாது, உள்ளங்கையில் ஒரு சூடு வைத்தால் ஆயுசுக்கும் மறக்காது’ என்கிறார். எனக்கு அடிப்பதில் உடன்பாடு இல்லை. அதனால் சுவரில் ஓர் அட்டை ஒட்டி, நல்ல காரியத்துக்கு ஒரு ஸ்டார், பத்து ஸ்டார் சேர்ந்தால் சாக்லேட் என்று வைத்தேன். இப்போது தண்ணீர் எடுத்து வரச் சொன்னால்கூட ‘எத்தனை ஸ்டார்?’ என்கிறான். தங்கையோடு எதையும் பகிர மாட்டான், ஆனால் தெருவில் உள்ள நாய்க்குட்டிக்குத் தன் பிஸ்கட் முழுவதையும் போட்டுவிட்டு வருகிறான். எங்கள் வீட்டில் யாரும் பொய் சொல்வதில்லை, திருடுவதில்லை. இந்தக் குணம் எங்கிருந்து வந்தது? ‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா’ என்று நினைத்து இரவில் தூக்கம் வருவதில்லை. ரப்பர் இன்னும் என் பீரோவில்தான் இருக்கிறது.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விகளுக்கு வருவதற்கு முன்பாக ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சூடு வைப்பது என்ற பேச்சே உங்கள் வீட்டில் இனி எழக் கூடாது. தன் பொறுப்பில் உள்ள குழந்தையைக் கொடுமைப்படுத்துவோருக்கு மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க 2015ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டம் இடமளிக்கிறது. கொடுமை செய்தவர் சொந்தத் தாத்தாவாக இருந்தாலும் அது பொருந்தும். உங்கள் மாமனாரைப் பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. அவர் வளர்ந்த காலத்தில் அதைக் கண்டிப்பு என்றே சொல்லிக் கொடுத்திருப்பார்கள், பேரன் மீது அவருக்குள்ள அக்கறையிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. போலீஸ் மிரட்டலையும் கைவிடச் சொல்லுங்கள். ஏழு வயது நிறையாத குழந்தை செய்யும் எதுவும் குற்றமாகாது என்று 1860இன் இந்தியத் தண்டனைச் சட்டம் 82ஆம் பிரிவில் சொல்லியிருந்தது. இப்போது நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா 20ஆம் பிரிவில் அதையே சொல்கிறது. ஆறரை வயதுக்காரனைத் திருடன் என்று அழைக்கச் சட்டமே தயங்குகிறது என்றால், வீட்டிலும் அந்தச் சொல்லைத் தவிர்ப்பதுதான் முறை.

இனி உங்கள் கேள்வி. ‘இந்தக் குணம் எங்கிருந்து வந்தது?’ என்று கேட்டிருக்கிறீர்கள். குணம் என்ற சொல்லைக் கொஞ்ச நாளைக்கு ஒதுக்கி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பிறர் பொருளை எடுத்தது, அதை மறைக்கப் பொய் சொன்னது, தங்கைக்குப் பங்கு தர மறுப்பது, எதைச் செய்வதற்கும் கூலி கேட்பது ஆகிய நான்கையும் ஒரே மூட்டையாகக் கட்டி அதற்குக் குணம் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். அவிழ்த்துப் பார்த்தால் நான்குக்கும் நான்கு வேர்கள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றை, நீங்கள் மனம் வருந்தக் கூடாது, நீங்களேதான் நட்டிருக்கிறீர்கள். கடிதத்தில் ஐந்தாவதாகவும் ஒன்று இருக்கிறது. நாய்க்குட்டிக்குத் தன் பிஸ்கட் முழுவதையும் போட்டுவிட்டு வருகிறான் என்பதையும் ஒரு புகாரைப் போலவே எழுதியிருக்கிறீர்கள். நான் அங்கிருந்துதான் தொடங்க விரும்புகிறேன்.

பிறருக்கு உதவும் மனத்தை நாம்தான் குழந்தைக்குள் ஊட்டுகிறோம், ஊட்டாவிட்டால் அது வராது என்று பெரும்பாலோர் எண்ணுகிறோம். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் பரிணாம மானிடவியல் நிறுவனத்தில் பணியாற்றிய ஃபெலிக்ஸ் வார்னெக்கன், மைக்கேல் தொமசெல்லோ இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வு இந்த எண்ணத்தை அசைத்தது. பதினெட்டு மாதக் குழந்தைகள் 24 பேர் அதில் பங்கேற்றார்கள். குழந்தைக்கு அதிகம் பழகாத ஒருவர், துணி காயப்போடும் கிளிப்பைக் கைதவறிக் கீழே போட்டுவிட்டு எட்டி எடுக்க முடியாமல் தவிப்பது போலவும், இரண்டு கைகளிலும் பத்திரிகைக் கட்டைச் சுமந்துகொண்டு அலமாரிக் கதவைத் திறக்க முடியாமல் முட்டிக்கொள்வது போலவும் நடித்தார். அவர் உதவி கேட்கவில்லை, பரிசு கொடுக்கவில்லை, உதவிய பின் பாராட்டவும் இல்லை. அப்படியும் 24 பேரில் 22 பேர் ஒரு முறையாவது தள்ளாடி நடந்துபோய் உதவினார்கள். அதே கிளிப்பை அவர் வேண்டுமென்றே தரையில் எறிந்தபோது அவ்வளவாக யாரும் எடுத்துத் தரவில்லை என்பது இதைவிடக் கவனிக்கத்தக்கது. கீழே கிடப்பதைப் பொறுக்கும் விளையாட்டாக அல்லாமல், எதிரே இருப்பவருக்கு அது தேவைப்படுகிறதா என்று பார்த்து உதவியிருக்கிறார்கள் என்பதை அதிலிருந்து அறிகிறோம்.

(ஆறு மாதக் குழந்தைக்கே நல்லவர் யார், கெட்டவர் யார் என்று தெரியும் என்று எங்கேயோ படித்துவிட்டு வந்து சொல்லும் பெற்றோர்களும் இருக்கிறார்கள். உதவுகிற பொம்மையையே கைக்குழந்தைகள் விரும்பித் தேர்ந்தெடுப்பதாக 2007இல் ஓர் ஆய்வு சொன்னது உண்மைதான். ஆனால் பல நாடுகளின் ஆய்வகங்கள் சேர்ந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் அதைத் திரும்பச் செய்து 2024இல் வெளியிட்டபோது அப்படி ஒரு விருப்பம் தென்படவில்லை. ஆகவே கைக்குழந்தைக் கதையை நான் யாருக்கும் சொல்வதில்லை.)

பசித்த நாய்க்குட்டியைப் பார்த்ததும் உங்கள் மகனுக்குக் கை நீண்டது இந்த இயல்பால்தான். அங்கே ஸ்டாரும் இல்லை, பிரம்பும் இல்லை, பார்ப்பதற்கு ஆளும் இல்லை. இரக்கம் அவனிடம் இருக்கிறது. அப்படியிருக்க, பக்கத்தில் உட்காரும் பையனிடம் அது ஏன் வேலை செய்யவில்லை?

அவனுக்குச் சரி தவறு தெரியாததால் அல்ல. அந்த ரப்பர் யாருடையது என்று அவனுக்குத் தெரியும். எடுக்கக் கூடாது என்பதும் தெரியும். தெரிந்ததால்தான் மிஸ்ஸையும் பாப்பாவையும் துணைக்கு அழைத்தான். இந்த வயதில் அறிவுக்கும் கைக்கும் இடையே பெரிய தூரம் உண்டு. கிரெய்க் ஸ்மித், பீட்டர் பிளேக், பால் ஹாரிஸ் ஆகியோர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று முதல் எட்டு வயது வரையிலான குழந்தைகளிடம் ஸ்டிக்கர்களைக் கொடுத்து இன்னொரு குழந்தையோடு பங்கிடச் சொன்னார்கள். எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று கேட்டபோது மூன்று வயதுக் குழந்தைகூடச் சரிபாதி என்றே சொன்னது. கொடுக்கும்போது சின்னவர்கள் தங்களுக்கு அதிகமாக வைத்துக்கொண்டார்கள். ஏழு, எட்டு வயதில்தான் சொல்லும் செயலும் ஒன்றாக வந்தன. தாங்கள் குறைவாகத்தான் கொடுப்போம் என்பதைச் சின்னவர்கள் முன்கூட்டியே ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட்டார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஆசையைப் பிடித்து நிறுத்தும் மூளைப் பகுதி மெதுவாக முதிர்கிறது, இருபது வயதைத் தாண்டியும் முதிர்ந்துகொண்டிருக்கிறது. ‘ஐந்தில் வளையாதது’ என்ற பழமொழியில் உள்ள ஐந்தைக் கெடுத் தேதியாக எடுத்துக்கொண்டு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

இன்னொரு செய்தி உங்கள் மகனின் வயதுக்கு நேராகப் பொருந்துகிறது. பிறருடைய மிட்டாயைத் திருடி எடுத்துக்கொண்ட ஒரு பையனின் கதையைக் குழந்தைகளிடம் சொல்லி, ‘இப்போது அந்தப் பையனின் மனம் எப்படி இருக்கும்?’ என்று கெர்ட்ரூட் நுன்னர்-விங்க்லர், பியாட்டே சோடியன் என்ற இரு ஜெர்மானிய ஆய்வாளர்கள் கேட்டார்கள். 1988இல் வெளிவந்த ஆய்வு அது. திருடுவது தவறு என்று சொல்லும் நான்கு வயதுக் குழந்தைகளே, திருடியவன் சந்தோஷமாக இருப்பான், மிட்டாய் கிடைத்துவிட்டதல்லவா என்றார்கள். எட்டு வயதுக் குழந்தைகளில் பெரும்பாலோர் அவனுக்கு மனம் கஷ்டமாக இருக்கும் என்றார்கள். தவறு என்ற அறிவு நான்கு வயதிலேயே இருக்கிறது. அந்த அறிவு மனத்துக்குள் இறங்கி உறுத்தத் தொடங்குவதற்கு மேலும் சில ஆண்டுகள் ஆகின்றன. உங்கள் மகன் அந்த இரண்டு கரைகளுக்கும் நடுவே நிற்கிறான். அவன் எந்தக் கரையைப் பார்த்து நடக்கிறான் என்பதில் பெரியவர்களின் பங்கு இருக்கிறது, அதைப் பற்றித்தான் உங்களிடம் விரிவாகப் பேச வேண்டும்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அதில் பிரம்பு வருகிறது, போலீஸ் வருகிறது, சூடு வருகிறது, ஸ்டார் வருகிறது, உங்கள் தூக்கமின்மையும் வருகிறது. ரப்பரைப் பறிகொடுத்த பையனைப் பற்றி, ‘பக்கத்தில் உட்காரும் பையன்’ என்பதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை. அவன் தேடினானா, அழுதானா, தொலைத்துவிட்டாயா என்று அவன் வீட்டில் திட்டு வாங்கினானா, அது யாராவது பிரியமாக வாங்கிக் கொடுத்ததா, எதுவும் தெரியவில்லை. உங்கள் மீது குறை சொல்ல இதை எழுதவில்லை. தன் பிள்ளை திருடிவிட்டான் என்று தெரியும் நிமிடத்தில் எந்தத் தாய்க்கும் தன் பிள்ளை மட்டும்தான் கண்ணில் தெரிவான். ஆனால் அந்த வீட்டில் நின்றுகொண்டிருந்த ஆறரை வயதுக் குழந்தைக்கு, நடந்த தவறு யாருக்கு நேர்ந்தது என்று புரிந்திருக்க வழியே இல்லை. அப்பாவின் கோபத்துக்கும் தாத்தாவின் பேச்சுக்கும் அம்மாவின் கவலைக்கும் அவன் காரணமாகிவிட்டான் என்பதுதான் அவனுக்குப் புரிந்தது. அதாவது அவனுடைய கண்கள் முழு நேரமும் தன் மீதும் தன்னைத் தண்டிப்பவர் மீதும் இருந்தன.

அமெரிக்க உளவியலாளர் மார்ட்டின் ஹாஃப்மன் 1960களில் இருந்து இந்த ஒரு விஷயத்தைத்தான் வெவ்வேறு விதமாக ஆராய்ந்தார். பெற்றோர் கண்டிக்கும் முறைகளை அவர் மூன்றாகப் பார்த்தார். அடித்தோ மிரட்டியோ பறித்தோ பணியவைப்பது ஒன்று. ‘போ, உன்னோடு பேச மாட்டேன்’ என்று அன்பை விலக்கிக்கொள்வது இன்னொன்று. செய்த செயலால் எதிரே இருப்பவருக்கு என்ன நேர்ந்தது என்பதைக் குழந்தையின் கண்ணில் படும்படி எடுத்துக் காட்டுவது மூன்றாவது. ஹெர்பர்ட் சால்ட்ஸ்டைன் என்பவரோடு சேர்ந்து 1967இல் அவர் வெளியிட்ட ஆய்விலும், அதற்குப் பின் மற்றவர்கள் செய்த பல ஆய்வுகளிலும், மூன்றாவது முறையில் வளர்ந்த குழந்தைகளிடம் குற்ற உணர்வும் பிறர் மேல் கரிசனமும் பொதுவாகக் கூடுதலாகவும், அதிகாரத்தால் மட்டும் அடக்கப்பட்ட குழந்தைகளிடம் குறைவாகவும் காணப்பட்டன. காரணம் எளிது. நாய்க்குட்டியின் பசி உங்கள் மகனுக்குத் தெரிந்ததால் இரக்கம் சுரந்தது. பக்கத்துப் பையனின் இழப்பு அவனுக்குத் தெரியவில்லை. தெரியவைத்தால் அங்கும் சுரக்கும்.

இதற்கு நீண்ட அறிவுரை வேண்டாம். பதினைந்து நிமிடம் நீதி போதித்தால் இரண்டாம் நிமிடத்திலேயே குழந்தை மின்விசிறியை எண்ணத் தொடங்கிவிடும். வீட்டில் எல்லோரும் சாந்தமாக இருக்கும் ஒரு மாலையில் அருகில் உட்காரவைத்து, ‘அன்னைக்கு அந்தப் பையன் எழுதிக்கிட்டு இருக்கும்போது ரப்பரைத் தேடியிருப்பான் இல்ல? பையெல்லாம் கொட்டிப் பார்த்திருப்பான். உன் டைனோசர் பொம்மை காணாமப் போனப்ப நீ என்ன பண்ணின?’ என்ற அளவில் கேட்டுவிட்டு, அவன் பதில் சொல்லும் வரை பேசாமல் இருங்கள். (டைனோசர் என்பது என் ஊகம், உங்கள் வீட்டில் தொலைந்தது எதுவோ அதைச் சொல்லுங்கள்.) அவன் முகம் வாடினால் அதற்கு மேல் அழுத்தாதீர்கள். வெட்கத்தில் மூழ்கிய குழந்தை மீண்டும் தன்னைத்தான் பார்க்கும்.

அடுத்தது பொய். பெற்றோர்கள் திருட்டைவிடப் பொய்க்குத்தான் அதிகம் கலங்குகிறார்கள், உங்கள் கடிதத்திலும் அது தெரிகிறது. ஆனால் பொய் சொல்வதற்கு ஒரு திறமை வேண்டும்: எனக்குத் தெரிந்தது அம்மாவுக்குத் தெரியாது என்பது குழந்தைக்குப் புரிந்திருக்க வேண்டும். நான்கு வயதையொட்டித்தான் அந்தப் புரிதல் உறுதிப்படுகிறது. பொய் தொடங்குவது மனம் கெட்டதன் அடையாளம் என்பதைவிட, பிறர் மனம் என்று ஒன்று தனியாக இருக்கிறது என்று கண்டுகொண்டதன் அடையாளம் என்பதே பொருத்தம். அதே கண்டுபிடிப்பிலிருந்துதான் பிறர் வலியைப் புரிந்துகொள்வதும் வளர்கிறது. பள்ளிக்கே போகாத பாப்பா மீது பழி போட்டான் என்பதைப் படித்தபோது, நீங்கள் மன்னிக்க வேண்டும், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தேர்ந்த பொய்யன் இவ்வளவு மோசமாகச் சொல்ல மாட்டான்.

தேர்ந்தவனாக அவனை ஆக்கும் வழி ஒன்று இருக்கிறது, அது பிரம்பு. விக்டோரியா தல்வார், காங் லீ இருவரும் மேற்கு ஆப்பிரிக்காவில் இரண்டு பள்ளிகளில் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளிடம் செய்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. ஒரு பள்ளியில் தவறுக்குக் கம்பால் அடிப்பதும் கிள்ளுவதும் அன்றாட வழக்கம். மற்றதில் அடி இல்லை. பின்னால் வைத்த பொம்மையைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டு ஆய்வாளர் வெளியே போனதும், இரண்டு பள்ளிகளிலும் பெரும்பாலான குழந்தைகள் திரும்பிப் பார்த்துவிட்டார்கள். பார்த்தாயா என்று கேட்டபோது அடி வாங்கிப் பழகிய குழந்தைகளில் கிட்டத்தட்ட எல்லோரும் இல்லை என்று சாதித்தார்கள். மற்றப் பள்ளியில் கணிசமானோர் ஒப்புக்கொண்டார்கள். அதோடு, அடி வாங்கிப் பழகியவர்கள் அடுத்தடுத்த கேள்விகளுக்கும் மாட்டிக்கொள்ளாமல் பதில் சொன்னார்கள். அந்த வயதில் அது சாதாரணமாகக் கைவராத திறமை. உங்கள் கணவரிடம் இதை வாதமாக அல்லாமல் செய்தியாகச் சொல்லிப் பாருங்கள். அவர் மகனிடம், ‘அன்னைக்கு நான் அடிச்சது தப்பு, கோபத்துல அடிச்சுட்டேன்’ என்று ஒரே ஒரு முறை சொல்ல முன்வந்தால், தவறை ஒப்புக்கொள்வது எப்படி என்பதை அவன் தன் வீட்டிலேயே நேரில் பார்த்துவிடுவான்.

பொய்யைக் குறைக்க நீங்கள் இன்றே செய்யக்கூடியது, விடை தெரிந்த கேள்வியைக் கேட்காமல் இருப்பது. ரப்பர் வேறொருவருடையது என்று தெரிந்த பிறகும் ‘இது எப்படி வந்தது?’ என்று கேட்பது, குழந்தையின் முன்னால் ஒரு குழியைத் தோண்டிவிட்டு நட என்பது போன்றது. ‘இது உன்னுடையது இல்லை என்று எனக்குத் தெரியும். இதைச் சரிசெய்ய என்ன பண்ணலாம்?’ என்று தொடங்கினால் பொய்க்கு இடமே இல்லை. கதை சொல்வதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. மூன்று முதல் ஏழு வயதுள்ள 268 குழந்தைகளிடம் காங் லீ குழுவினர் 2014இல் சோதித்தபோது, பொய்யால் அழிந்தவனைக் காட்டும் கதைகள், நாம் ‘புலி வருது’ என்று சொல்லும் கதையின் ஓநாய் வடிவமும் மூக்கு நீளும் மரப்பொம்மைக் கதையும், எந்தப் பலனும் தரவில்லை. தந்தையின் செர்ரி மரத்தை வெட்டிய சிறுவன் ஜார்ஜ் வாஷிங்டன் உண்மையை ஒப்புக்கொண்டதும் தந்தை மகிழ்ந்தார் என்ற கதையைக் கேட்ட குழந்தைகள்தான் கூடுதலாக உண்மை சொன்னார்கள். அந்தக் கதையின் முடிவைத் தண்டனையாக மாற்றிச் சொன்னபோது பலன் போய்விட்டது. (செர்ரி மரக் கதையே, வாழ்க்கை வரலாறு எழுதிய ஒரு பாதிரியாரின் கட்டுக்கதை என்பது வரலாற்றாசிரியர்களின் முடிவு. உண்மை பேசவைக்கும் கதை உண்மையாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை போலும்.) உண்மை சொன்னால் வீட்டில் என்ன நடக்கும் என்பதைக் குழந்தை கணக்கிடுகிறது. இப்போதைய நிலவரப்படி உங்கள் வீட்டில் அந்தக் கணக்கு அவனுக்கு நஷ்டத்தில்தான் முடியும்.

நீங்களே நட்ட வேர் என்று சொன்னது ஸ்டார் அட்டையை. அடிக்க மனமில்லாமல் செய்தீர்கள் என்பதற்காக உங்களை மதிக்கிறேன். ஆனால் இருபது மாதக் குழந்தைகள் உதவும்போதெல்லாம் ஒரு விளையாட்டுப் பொருளைப் பரிசாகக் கொடுத்து வார்னெக்கனும் தொமசெல்லோவும் 2008இல் பார்த்தபோது, பரிசு நின்ற பிறகு அந்தக் குழந்தைகள், எதுவும் பெறாமல் உதவிய குழந்தைகளைவிடக் குறைவாகவே உதவினார்கள். வாயால் பாராட்டப்பட்டவர்களிடம் அந்தக் குறைவு இல்லை. படம் வரைவதில் ஆசை கொண்ட மழலையர் பள்ளிக் குழந்தைகளுக்குப் பரிசுச் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொல்லி வரையவைத்தபோது, பின்னர் அவர்கள் தாமாக வரைவது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது என்று மார்க் லெப்பரும் அவருடைய சகாக்களும் 1973லேயே காட்டியிருந்தார்கள். தாகமாக இருக்கும் அம்மாவுக்குத் தண்ணீர் கொண்டுவருவது அவனுக்கு இப்போது ஒரு வேலை. வேலைக்கு ஊதியம் கேட்பதில் அவனிடம் என்ன தவறு இருக்கிறது?

அட்டையை நாளைக்கே கிழித்து எறிந்துவிடாதீர்கள். அது அவனுக்கு இன்னொரு தண்டனையாகவும், நீங்கள் வாக்குத் தவறியதாகவும் தெரியும். ஓடிக்கொண்டிருக்கும் பத்தை முடிக்க விட்டு, சொன்னபடி சாக்லேட்டையும் கொடுத்துவிட்டு, புதிய அட்டையை ஒட்டாமல் விட்டுவிடுங்கள். ‘எத்தனை ஸ்டார்?’ என்று ஒரு வாரம், பத்து நாள் கேட்பான், முறைப்பான், தண்ணீர் வராமலும் போகும். அப்போது நீங்களே எழுந்துபோய்க் குடித்துக்கொள்ளுங்கள். அவனாக ஏதாவது செய்யும் நாளில், ‘நல்ல பையன்’ என்ற பொதுப் பட்டத்தைவிட, ‘கால் வலியோட இருந்தேன், நீ கொண்டுவந்ததால எழுந்திருக்க வேண்டியதில்லாமப் போச்சு’ என்று செயலையும் அதனால் உங்களுக்கு நேர்ந்ததையும் சொல்லுங்கள். இங்கும் அவன் பார்வை திரும்ப வேண்டியது உங்களிடம்தான், சுவரில் உள்ள அட்டையிடம் இல்லை.

தங்கைக்குப் பங்கு தராததைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். நம் வீடுகளில் மூத்த குழந்தையிடம் நாள் முழுவதும் சொல்லப்படும் வாசகம் ஒன்று உண்டு: ‘நீதானே பெரியவன், விட்டுக்கொடு.’ உங்கள் வீட்டில் அது எத்தனை முறை ஒலிக்கிறது என்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள். ஆறு வயதுக்கு மேல் குழந்தைகள் நியாயத்தைத் தராசில் நிறுத்துவதைப் போல் பார்க்கிறார்கள். அலெக்ஸ் ஷாவும் கிறிஸ்டினா ஓல்சனும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், அறையைச் சுத்தம் செய்த இரண்டு பையன்களுக்கு ஐந்து ரப்பர்களைப் பங்கிடும்படி ஆறு முதல் எட்டு வயதுக் குழந்தைகளிடம் சொன்னார்கள் (தற்செயலாக அங்கும் ரப்பர்தான்). ஆளுக்கு இரண்டு போக மிஞ்சிய ஐந்தாவதை ஒருவனுக்குக் கூடுதலாகக் கொடுப்பதைவிடக் குப்பைத் தொட்டியில் போடுவதையே பெரும்பாலோர் தேர்ந்தெடுத்தார்கள். இப்படி நினைக்கும் வயதில் இருப்பவனிடம் எப்போதும் அவன் தட்டிலிருந்தே எடுத்துக் கொடுத்தால், பகிர்வது அவனுக்குப் பறிப்பாகத்தான் தோன்றும். அவனுக்கே அவனுக்கு என்று சில பொருட்கள் இருக்கட்டும். அவற்றைப் பாப்பா தொடக் கூடாது என்று அவளிடமும் சொல்லுங்கள். பொதுவான தின்பண்டத்தை ஒருவர் பங்கிட, மற்றவர் முதலில் எடுக்கட்டும். தன்னுடையது காக்கப்படும் என்று தெரிந்த குழந்தைக்குத்தான் பிறருடையதும் காக்கப்பட வேண்டியது என்று சொன்னால் விளங்கும், ரப்பர் விவகாரத்துக்கும் இதில் பங்கு உண்டு.

இடது கையால் வாங்காதே, புத்தகத்தை மிதிக்காதே, சாப்பிடும்போது பேசாதே, பாப்பாவை அடிக்காதே, பிறர் பொருளை எடுக்காதே என்ற எல்லாவற்றையும் ஒரே குரலில், ஒரே ‘தப்பு’ என்ற சொல்லால் நாம் கண்டிக்கிறோம். ஊர் வழக்கம் வேறு, பிறரை நோகடிப்பது வேறு என்ற பாகுபாட்டை மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளே உணர்கிறார்கள் என்று எலியட் டுரியல், ஜூடித் ஸ்மெட்டானா போன்றோர் காட்டியிருக்கிறார்கள்: டீச்சர் அனுமதித்தால் வழக்கத்தை மீறலாம், ஆனால் டீச்சரே சொன்னாலும் அடுத்தவனை அடிப்பது தவறுதான் என்று அந்தச் சின்னவர்கள் சொல்லிவிடுகிறார்கள். குழந்தைக்குத் தெரிந்த அந்த வேறுபாட்டை நம் குரல் அழித்துவிடாமல் இருந்தால் போதும். இடது கைக்கு ஒரு சிறு நினைவூட்டல். உங்கள் அழுத்தத்தை யாருக்காவது வலிக்கும் இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

‘எங்கள் வீட்டில் யாரும் பொய் சொல்வதில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். நம்புகிறேன். ஆயினும் பேருந்து நடத்துனர் கேட்கும்போது ‘இன்னும் அஞ்சு முடியலைங்க’ என்று சொன்னதுண்டா, கடன் கேட்டு வந்தவரிடம் ‘தாத்தா வீட்டில் இல்லை’ என்று சொல்லும்படி அவனையே அனுப்பியதுண்டா, ஊசி வலிக்கவே வலிக்காது என்று மருத்துவமனைக்கு அழைத்துப் போனதுண்டா என்று மட்டும் யோசித்துப் பாருங்கள். 2014இல் கலிஃபோர்னியாவில் செல்சியா ஹேஸும் லெஸ்லி கார்வரும் செய்த ஆய்வில், அடுத்த அறையில் மிட்டாய் இருப்பதாகப் பொய் சொல்லி ஏமாற்றப்பட்ட பள்ளி வயதுக் குழந்தைகள், பிறகு தாங்களும் விதியை மீறிவிட்டு அதை மறைத்துப் பொய் சொல்வது, ஏமாற்றப்படாத குழந்தைகளைவிட அதிகமாக இருந்தது.

மருத்துவரிடம் போக வேண்டுமா என்பதைச் சுருக்கமாகவே சொல்லலாம். இந்த வயதில் ஓரிரு முறை எடுப்பதும் மறைப்பதும் வளர்ச்சியின் பாதையில் வருபவை. பல மாதங்களாகத் தொடர்ந்து எடுத்தால், விலங்குகளையோ சிறு குழந்தைகளையோ துன்புறுத்தி மகிழ்ந்தால், திடீரென்று படுக்கையை நனைப்பது, பள்ளிக்குப் போக மறுப்பது போன்ற மாற்றங்களும் சேர்ந்து வந்தால் குழந்தை மனநல மருத்துவரைப் பாருங்கள். நாய்க்குட்டிக்குப் பிஸ்கட் போடுபவனைப் பற்றி எனக்கு அந்தக் கவலை இல்லை.

மிஞ்சியிருப்பது பீரோவில் உள்ள ரப்பர். ஒரு மாதமாக அது அங்கே இருப்பதால், அந்தப் பையனுக்கு நேர்ந்த இழப்பும் ஒரு மாதமாக அப்படியே இருக்கிறது. வகுப்பு முழுவதற்கும் முன்னால் மன்னிப்புக் கேட்கவைக்கும் யோசனை யாருக்காவது இருந்தால் தடுத்துவிடுங்கள். டீச்சரிடம் முன்கூட்டியே பேசி, அதைப் பெரிதாக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். எப்படித் திருப்பிக் கொடுக்கலாம் என்று அவனிடமே கேளுங்கள். பையில் தெரியாமல் போட்டுவிடலாம் என்பான். ‘அப்படிப் போட்டா, அவன் தானே தொலைச்சுட்டோம்னு நினைச்சுக்கிட்டே இருப்பானே’ என்று மட்டும் சொல்லுங்கள். ‘சாரி’ என்ற சொல்லை மனப்பாடம் செய்யவைக்க வேண்டாம். ‘இது உன்னோடது, நான் எடுத்துட்டேன்’ என்ற ஒரு வரி போதும். தேய்ந்துபோயிருந்தால் புதிதாக ஒன்று வாங்கிச் சேர்த்துக் கொடுக்கலாமா என்று அவனுடைய உண்டியலைக் காட்டிக் கேளுங்கள், முடிவை அவனிடமே விடுங்கள். பள்ளி தொடங்குவதற்கு முன் வாசலில் கொடுப்பது நல்லது. அந்தப் பையன் சிரித்துக்கொண்டே வாங்கலாம், கோபப்பட்டுத் திட்டவும் செய்யலாம். திட்டுவதற்கு அவனுக்கு உரிமை உண்டு, உங்கள் மகன் அதைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். நீங்கள் குறுக்கே போகாமல் சற்றுத் தள்ளி, அவன் திரும்பிப் பார்த்தால் தெரியும் இடத்தில் நின்றுகொள்ளுங்கள்.